நெஞ்சிலே குடியிருந்த அணு

மனிதன் தன் உடலோடு ஒட்டி எடுத்துச் செல்லும் கருவிகள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. மணிக்கட்டிலே கடிகாரம், செவியிலே கேட்புக் கருவி, சட்டைப் பையிலே தொலைபேசி, சிலருக்கு மார்புத் தோலின் அடியிலே இதயத்தைத் தூண்டும் சிறு பொறி. இவை யாவும் மின்சாரத்தால் இயங்குவன. அம்மின்சாரத்தைத் தரும் கலமோ இன்றில்லாவிடினும் நாளை தீர்ந்துபோவது. தீராத மின்கலம் ஒன்று கிட்டாதா என்று ஏங்காதவர் நம்மிலே அரியர்.

2024ஆம் ஆண்டு ஜனவரியிலே, பீட்டாவோல்ட் என்னும் சீன நிறுவனம் ஐம்பது ஆண்டுகள் மின்னூட்டம் வேண்டாது இயங்கக்கூடிய அணு மின்கலம் ஒன்றை அறிவித்தது. அவ்வாண்டின் டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், அந்நாட்டு அணுசக்தி ஆணையத்தாருடன் கூடி, கரி-14 அடங்கிய வைர மின்கலம் ஒன்றைச் செய்து காட்டினர். இச்செய்திகளைக் கேட்ட பலர், இனி நம் கைக்கடிகாரத்துக்கும் தொலைபேசிக்கும் அணுவே மின்சாரம் தரும் என்று எண்ணினர். ஆயின் இவ்வாசை புதியதன்று. இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு காலத்திலே அது நிறைவேறியும் இருக்கிறது. நிறைவேறிய பின்னர் ஏன் கைவிடப்பட்டது என்பதையே இப்பேச்சில் ஆராய முற்படுகிறோம்.

அணு மின்கலம் என்றவுடன், தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் உள்ள அணு உலையைச் சுருக்கிப் பெட்டியில் அடைத்தாற்போலச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. உலையிலே யுரேனிய அணுக்கரு பிளவுறுகிறது. ஒன்று பிளந்தால் அதனால் மற்றொன்று பிளக்கிறது. மின்கலத்திலோ அத்தகைய தொடர்ச்செயல் ஏதும் இல்லை. சில தனிமங்களின் அணுக்கள் தாமாகவே சிதைந்து, துகள்களை வெளியே எறிகின்றன. எறியப்படும் துகளின் வேகத்தை வெப்பமாகவோ மின்சாரமாகவோ மாற்றிக் கொள்வதே அணு மின்கலத்தின் தத்துவம். இச்சிதைவை விரைவுபடுத்தவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. குளிரானாலும் வெயிலானாலும், கருவி வேலை செய்தாலும் ஓய்ந்திருந்தாலும், அது தன் போக்கிலே நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு பொருளிலுள்ள அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலத்தை அரைவாழ்வு என்பர். மொழிபெயர்ப்பு வேலையிலே இச்சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அதிலுள்ள 'வாழ்வு' என்னும் பகுதி நம்மைச் சற்றே நிறுத்தி வைப்பதுண்டு. புரோமீத்தியம்-147 என்பதன் அரைவாழ்வு 2.6 ஆண்டுகள், டிரிட்டியத்தினுடையது 12.3 ஆண்டுகள், புளுட்டோனியம்-238 என்பதற்கு 87.7 ஆண்டுகள், நிக்கல்-63 என்பதற்கு ஏறத்தாழ 100 ஆண்டுகள், ரேடியத்துக்கு 1,600 ஆண்டுகள், கரி-14 என்பதற்கு ஏறத்தாழ 5,700 ஆண்டுகள். இவற்றை அணிந்துகொள்ளும் மனிதனின் வாழ்வும் ஒரு கணக்கு. அவன் வாங்கும் கருவியின் வாழ்வும் ஒரு கணக்கு. இம்மூன்று கணக்குகளும் ஒத்துப்போகாமையே இவ்வரலாற்றின் சாரம் எனலாம்.

கதிரியக்கத்தை ஆன்ரி பெக்கெரல் கண்டறிந்தது 1896ஆம் ஆண்டில். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டனர். 1903ஆம் ஆண்டில் பியேர் கியூரியும் அல்பேர் லபோர்டும் ரேடியத்தின் வெப்பத்தை அளந்தனர். ஒரு கிராம் ரேடியம் மணிக்கு ஏறக்குறைய 100 கலோரி வெப்பத்தை ஓயாது தருகிறது என்பது தெரியவந்தது. அதாவது, தன் எடையளவு பனிக்கட்டியை அது ஒரு மணி நேரத்துக்குள் உருக்கிவிடும். அடுத்த மணி நேரத்திலும் அவ்வாறே செய்யும். விறகின்றி எரியும் அடுப்பைக் கண்டாற்போல அக்கால விஞ்ஞானிகள் வியந்தனர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1913இல், மான்செஸ்டரிலே ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர் ரேடியத்தைக் கொண்டு முதல் அணு மின்கலத்தை அமைத்தார். வெள்ளி பூசிய கண்ணாடிக் கோளம். அதன் நடுவே கதிரியக்கப் பொருள். அதிலிருந்து பறக்கும் எலெக்ட்ரான்கள் கோளத்தின் சுவரிலே சேரும். இவ்வாறு லட்சம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டாயிற்று. எனினும் அதில் ஓடிய மின்னோட்டம் மிக மிக நுண்ணியது. ஒரு சிறு விளக்கைக்கூட எரிக்க அது போதாது. அணு தரும் மின்சாரம் நெடுநாள் வரும், ஆனால் துளித்துளியாகவே வரும் என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டுவிட்டது. மோஸ்லி 1915இல் கலிப்போலிப் போரிலே தமது 27ஆம் வயதில் மாண்டார்.

ரேடியம் மனிதனின் மணிக்கட்டுக்கு வந்தது வேறொரு வழியாக. முதல் உலகப் போரில் இருட்டிலே நேரம் பார்க்க வேண்டியிருந்த வீரர்களுக்காக, ரேடியமும் துத்தநாக சல்பைடும் கலந்த வண்ணம் கடிகார முகங்களிலே தீட்டப்பட்டது. அமெரிக்காவில் நியூஜெர்சி முதலிய இடங்களிலே இளம் பெண்கள் இவ்வேலையில் அமர்த்தப்பட்டனர். தூரிகையின் நுனி கூர்மையாக இருக்கவேண்டும் என்பதற்காக அதை உதட்டிலே வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ரேடியம் உடலுக்குள் புகுந்து எலும்பிலே தங்கிற்று. தாடை எலும்பு அழுகியும், குருதி குன்றியும் பலர் மாண்டனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928இல் உடன்பாட்டில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றிலே அவ்வழக்குக்குத் தனி இடம் உண்டு.

இக்கடிகாரங்களில் மற்றொன்றையும் நோக்கவேண்டும். ரேடியத்தின் கதிர் ஓயாது தாக்குவதால், ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் சிதைந்துவிடுகிறது. முகம் மங்குகிறது, கடிகாரம் பயனற்றுப் பெட்டியடியில் கிடக்கிறது. ரேடியமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பழம்பொருள் திரட்டுவோர் இன்றும் அக்கடிகாரங்களைப் பிரிக்க அஞ்சுவதற்குக் காரணம் இதுவே. 1960களிலே ரேடியம் விலக்கப்பட்டு, அதனினும் மெல்லிய கதிருடைய புரோமீத்தியமும் டிரிட்டியமும் அவ்விடத்தைப் பெற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குறைகடத்திகள் தோன்றின. 1950களின் முற்பகுதியிலே அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் பால் ரப்பபோர்ட் என்பார், ஸ்டிரான்சியம்-90 எறியும் பீட்டா துகள்களைச் சிலிக்கான் தகட்டிலே செலுத்தி நேரடியாக மின்சாரம் பெற்றார். 1954இல் பெல் ஆய்வுக்கூடத்தார் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். இவை இரண்டும் ஒரே தத்துவத்தின் இரு கிளைகள். ஒன்றில் கதிரவன் ஒளி, மற்றொன்றில் அணுவின் துகள். 1957இல் எல்ஜின் கடிகார நிறுவனமும் வால்ட்டர் கிட் அணு ஆய்வுக்கூடமும் பொத்தான் அளவேயான புரோமீத்திய மின்கலம் ஒன்றை அறிவித்தன. அவ்வாண்டு ஜனவரியிலேதான் ஹாமில்ட்டன் நிறுவனத்தார் மின்சாரக் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தனர். இனிக் கைக்கடிகாரம் அணுவால் ஓடும் என்றே அன்று பலரும் நம்பினர். கடைகளிலே அது நிலைபெறவில்லை. சாதாரண மின்கலம் மலிவு, தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கடிகாரத்தின் மின்கலத்தை மாற்றுவது எவருக்கும் துன்பமான காரியமன்று.

மின்கலத்தை மாற்றுவதே பெருந்துன்பமான இடம் ஒன்று இருந்தது. அது மனிதனின் மார்பு. 1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமிலே, ஆர்னே லார்சன் என்பவரின் உடலினுள் இதயத் தூண்டு பொறி முதன்முறையாக வைக்கப்பட்டது. அதைச் செய்தவர் பொறியியலார் ரூனே எல்ம்குவிஸ்ட். பொருத்தியவர் அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங். முதற் பொறி சில மணி நேரமே வேலை செய்தது. ஆயினும் லார்சன் 2001 வரை, 86 வயது நிறையும் மட்டும், வாழ்ந்தார். தமக்குப் பொறி செய்தவரையும் பொருத்தியவரையும் கடந்து வாழ்ந்தார். அவ்வாழ்நாளில் அவருக்கு 26 பொறிகள் தேவைப்பட்டன. பொறிகள் பலவும் பழுதுற்றதனாலும் மாற்றப்பட்டன என்பது உண்மையே. எனினும் 1960களிலே வழங்கிய பாதரச மின்கலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே தாங்கிற்று. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நோயாளியின் மார்பைத் திறக்கவேண்டியிருந்தது. முதியவருக்கு ஒவ்வொரு முறையும் தொற்றுநோய் அபாயம். இளைஞருக்கோ வாழ்நாள் முழுவதும் கத்தியின் எதிர்பார்ப்பு.

ஆகையால் அணுவின் துணை நாடப்பட்டது. 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பாரிஸ் நகரிலே, மருத்துவர்கள் லோரன்சும் பிவ்னிக்காவும் புளுட்டோனியம்-238 அடங்கிய இதயத் தூண்டு பொறியை ஒரு நோயாளிக்குப் பொருத்தினர். அதிலே இருந்த புளுட்டோனியம் சுமார் 150 மில்லிகிராம். அதன் வெப்பத்தை நுண்ணிய வெப்ப இணைகள் மின்சாரமாக்கின. கிடைத்தது ஒரு மில்லிவாட்டிலும் குறைவு. இதயத்தை ஒரு துடிப்பு துடிக்கச் செய்ய அதுவே போதுமானது. பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகைய பொறிகள் பரவின. புரோமீத்தியத்தைக் கொண்ட பீட்டாசெல் என்னும் மின்கலமும் நூற்றுக்கு மேற்பட்டவர்களின் உடலிலே வைக்கப்பட்டது.

இவை தோற்றனவா எனில், இல்லை. புளுட்டோனியப் பொறிகள் சில முப்பது ஆண்டுகளுக்கு மேலும் தளராது இயங்கின. அணிந்தவருக்கும் அருகில் இருந்தவருக்கும் சேர்ந்த கதிரளவு மிகச் சிறிதே. கருவி என்ற முறையிலே அது வெற்றி.

பிறகு ஏன் அது மறைந்தது? இரு காரணங்கள் உண்டு. முதலாவது, 1972இலே லித்தியம்-அயோடின் மின்கலம் இதயப் பொறிக்கு வந்தது. அது ஐம்பது ஆண்டுகள் உழைக்கவில்லை. ஏறக்குறைய பத்து ஆண்டுகளே உழைத்தது. அப்பத்து ஆண்டுகளே போதுமாயின. ஏனெனில் அதற்குள் பொறிகளே மாறிவிட்டன. இதயத்தின் துடிப்பை உணர்ந்து அதற்கேற்ப இயங்குவன, இரு அறைகளையும் தூண்டுவன, வெளியிலிருந்து திருத்தி அமைக்கத்தக்கன என்று புதியன தோன்றிக்கொண்டே இருந்தன. பத்து ஆண்டுக்கு ஒருமுறை பொறியை மாற்றிய நோயாளி ஒவ்வொரு முறையும் மேலான பொறியைப் பெற்றார். தீராத மின்கலம் உடையவரோ பழைய பொறியுடனேயே இருந்தார். எது சிறப்பெனக் கருதப்பட்டதோ அதுவே அவரைக் கட்டிப்போட்டது.

இரண்டாவது காரணம், அணிந்தவர் இறந்தபின் என்ன செய்வது என்பது. புளுட்டோனியம்-238 மூச்சுடன் உள்ளே சென்றால் கொடியது. எனவே அதன் உறை, துப்பாக்கிக் குண்டு பட்டாலும், விபத்திலே நசுங்கினாலும், உடல் எரியூட்டப்பட்டாலும் உடையாதவாறு செய்யப்பட்டது. அத்துடன், நோயாளி மறைந்தால் பொறியை எடுத்து, உரிய இடத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி. அதற்காக ஒவ்வொருவர் பெயரும் முகவரியும் ஏட்டிலே காக்கப்பட்டன. எத்தனை ஆண்டுகள்? நோயாளி ஊர் மாறலாம், மருத்துவர் ஓய்வு பெறலாம், பொறி செய்த நிறுவனம் மூடப்படலாம், ஏடு தொலையலாம். புளுட்டோனியமோ 87 ஆண்டுகளுக்குப் பின்னும் பாதி இருக்கும். இறந்தோரைத் தீயிலிடும் வழக்கம் பெருவாரியாக உள்ள நம் நாட்டினருக்கு இக்கவலையின் கனம் எளிதிலே விளங்கும். இன்று வழங்கும் லித்தியப் பொறியையே, தீயில் வெடிக்கும் என்பதனால், எரியூட்டுமுன் நீக்கிவிட வேண்டியிருக்கிறது.

இனி, இன்று நாம் அணியும் கருவிகளுக்கு வருவோம். சாதாரணக் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்று இரண்டு மைக்ரோவாட் மின்சாரத்தில் ஓடிவிடும். முன்னர்க் கூறிய சீன மின்கலம் தருவது 100 மைக்ரோவாட். ஆகவே அக்கடிகாரத்துக்கு அது மிகையாகவே போதும். ஆனால் ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் கணினிக் கடிகாரம் அவ்வளவில் அடங்குவதன்று. அதன் மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு வாட்-மணி. அது ஒரு நாளிலே தீர்ந்துவிடுகிறது என்று கொண்டால், சராசரித் தேவை 40 மில்லிவாட் ஆகும். இதற்கு அச்சீன மின்கலங்கள் 400 வேண்டும். ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டர் நீளமும் அதே அகலமும் 5 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நானூற்றையும் அடுக்கினால் ஏறக்குறைய அரை லிட்டர்ச் செம்பு நிறையும். அச்செம்பை மணிக்கட்டிலே கட்டிக்கொள்ள ஒருவரும் இசையார்.

இது கைத்திறன் குறைவால் வந்த இடர்ப்பாடு என்று எண்ணலாகாது. ஒரு கிராம் தூய நிக்கல்-63 வெளியிடும் ஆற்றல் முழுவதையும் சேர்த்தாலும் அது சுமார் 6 மில்லிவாட் மட்டுமே. எத்துணைச் சிறந்த பொறியாளரும் அவ்வெல்லையைக் கடக்க முடியாது. கரி-14 அதனினும் மெதுவாகச் சிதைவது. ஆகவே அதனினும் குறைவாகத் தருவது. நெடுநாள் வாழ்வதும் நிறையத் தருவதும் ஒரே பொருளில் கூடுவது அரிது.

புளுட்டோனியம்-238 மட்டும் ஓரளவு விதிவிலக்கு. ஒரு கிராமுக்கு அரை வாட்டுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் தருகிறது. அதில் நூற்றில் ஐந்து பங்கை மின்சாரமாக்கினால், ஒன்றரை கிராமைக் கொண்டு கணினிக் கடிகாரம் ஒன்றை ஓட்டலாம். இயற்கை விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் அப்பொருள் எங்கே? அமெரிக்கா 1980களின் இறுதியில் அதன் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் கழித்தே மீண்டும் தொடங்கிற்று. 2026ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோகிராம் என்பதே அது வகுத்துக்கொண்ட இலக்கு. அதையும் கதிரவன் ஒளி எட்டாத தொலைவுக்குச் செல்லும் விண்கலங்கள் எதிர்நோக்கியிருக்கின்றன. அவ்வளவையும் கடிகாரங்களுக்கே கொடுத்தாலும் ஆண்டுக்கு ஓராயிரம் கடிகாரங்களே கிடைக்கும்.

பொருள் தாராளமாகக் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், பாரிஸ் மருத்துவர்களை எதிர்ப்பட்ட கேள்வி பன்மடங்காகப் பெருகி நம்முன் நிற்கும். சில ஆயிரம் நோயாளிகளின் பெயரை ஏட்டிலே காப்பது இயலும். கோடிக்கணக்கானவர் வாங்கி, மூன்றாண்டுகளில் சலித்து எறியும் கருவிகளை யார் பின்தொடர்வது? தலைநகர் தில்லியில் வாழும் நம்மனோர் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை எளிதில் மறக்கமாட்டார்கள். கல்விக்கூடம் ஒன்றிலே ஆண்டுக்கணக்காகப் பயனற்றுக் கிடந்த கோபால்ட்-60 கருவி, பழைய இரும்போடு ஏலத்தில் போய், மாயாபுரிச் சந்தைக்குச் சேர்ந்தது. அது இன்னதென அறியாத தொழிலாளர்கள் அதைப் பிரித்தனர். பலர் நோயுற்றனர், ஒருவர் உயிர் நீத்தார். கோபால்ட்டின் ஊடுருவும் கதிர் வேறு, நிக்கலின் மெல்லிய துகள் வேறு என்பதை நாம் மறைக்கவில்லை. நிக்கலின் துகளை மெல்லிய உலோகத் தகடே தடுத்துவிடும். ஆயினும் மாயாபுரி உணர்த்தியது கதிரின் வன்மையை மட்டுமன்று. பொறுப்பாளர் மறந்துவிட்ட பொருள், முடிவிலே ஏதும் அறியாத ஏழைத் தொழிலாளியின் கைக்கே போய்ச் சேர்கிறது. ரேடிய வண்ணம் தீட்டிய பெண்களின் நிலையும் அவ்வாறே இருந்தது. கடிகாரத்தை வாங்கியவர் நேரம் பார்த்தார். தீட்டியவர் தாடையை இழந்தார்.

ஆகவே அணு மின்கலத்துக்கு இடமே இல்லை என்று கூறிவிடலாமா? கூடாது. மனிதன் எளிதில் செல்லமுடியாத இடங்களிலே சிறிதளவு மின்சாரம் நெடுங்காலம் தேவைப்படும்போது அது இன்றும் தக்க துணை. ஆழ்கடலின் உணர்கருவிக்கும், விண்வெளியின் கருவிக்கும், அறுவையின்றி அணுகவொண்ணாத உடற்பகுதியில் வைக்கப்படும் நுண்கருவிக்கும் டிரிட்டியமும் நிக்கலும் உதவக்கூடும். அங்கெல்லாம் பொருள் சிறிது, எண்ணிக்கை சிறிது, கணக்கு வைப்பதும் எளிது.

அன்றாடம் நாம் அணியும் கருவிகளைப் பொறுத்தவரை, கடந்த நூறாண்டின் வரலாறு அளிக்கும் விடை தெளிவாகவே இருக்கிறது. இரவிலே கருவியைச் சுவரோடு இணைத்து மின்னூட்டுவது சிறு தொல்லை. அத்தொல்லையிலிருந்து விடுபட வேண்டி, நம் பேரனின் காலத்திலும் தணியாத ஒரு பொருளை வாங்கி, நாலாம் ஆண்டிலே அதைக் குப்பையில் இடுவது தக்க வணிகம் ஆகாது. பாரிஸில் முதற்பொறி பெற்ற நோயாளிக்கு அணு தேவைப்பட்டது; அவர் முன் இருந்த மாற்று, அறுவைக் கத்தி. நம்முன் இருக்கும் மாற்றோ ஒரு மின்கம்பி மட்டுமே.

இனி எங்கேனும் ஐம்பதாண்டு மின்கலம் என்னும் விளம்பரம் காதில் விழுமாயின், எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை வாட் தரும் என்றும், நமக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்பவர் யார் என்றும் கேட்போமாக. முதல் வினாவுக்கு விஞ்ஞானிகள் விடை கூறிவிடுவர். இரண்டாம் வினாவுக்கு விற்பவரும், சட்டமும், வாங்கும் நாமும் சேர்ந்தே விடை கூறவேண்டும்.